சச்சின் கதையைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது

எண்களில் ஆரம்பிக்காதீர்கள். 34,357 ஓட்டங்கள், 100 சதங்கள், 200 டெஸ்ட், 463 ஒருநாள் ஆட்டங்கள் என்று முதல் நாளே வெண்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அடுத்த சனிக்கிழமை பாதிப் பேர் வரமாட்டார்கள். நான் முதல் வருடம் அப்படித்தான் செய்து பார்த்தேன். அதனால்தான் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் லயங்கள் போய் அடுக்குவீடு வந்துவிட்டது, பால்மரம் (ரப்பர்) போய் செம்பனை வந்துவிட்டது, ஆனால் பழைய திடல் மட்டும் எப்படியோ தப்பித்துக் கிடக்கிறது. அங்கேதான் சனிக்கிழமை காலையில் 10, 15 பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறேன். இவர்களுக்குக் காற்பந்து தெரியும், பூப்பந்து தெரியும், கிரிக்கெட் என்றால் தாத்தா இரவில் தனியாக உட்கார்ந்து பார்க்கும் ஒன்று. இப்படிப்பட்ட கூட்டத்துக்குச் சச்சின் டெண்டுல்கர் யார் என்று புரியவைப்பது எப்படி என்பதைத்தான், தெலுக் இந்தானிலோ லூனாசிலோ பாஹாவிலோ இதே வேலையைச் செய்ய நினைக்கும் அண்ணன் அக்காமார்களுக்காக எழுதுகிறேன்.

ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். அவர் எங்கே தடுக்கி விழுந்தார், விழுந்த மறுநாள் என்ன செய்தார், இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். சதத்தை மட்டும் சொன்னால் பிள்ளைக்கு அவர் சாமி மாதிரித் தெரிவார், சாமியைப் பார்த்து யாரும் பேட் பிடிக்கக் கற்றுக்கொள்வதில்லை. நம் பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல. லீ சோங் வெய் 2008, 2012, 2016 மூன்று ஒலிம்பிக்கிலும் இறுதி ஆட்டத்தில் தோற்று வெள்ளியோடு திரும்பியவர் என்று அவர்களுக்குத் தெரியும், அப்படியும் அவர் பெயரைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அந்த இடத்திலிருந்து சச்சினுக்கு வருவது சுலபம்.

சரி, சாமான்கள். கடை பேட் ஒன்று போதும், மீதிப் பேருக்குத் தென்னை மட்டையைச் சீவிக்கொடுங்கள், பலகைத் துண்டானாலும் பரவாயில்லை. (செம்பனை மட்டை வேண்டாம், காம்பெல்லாம் முள்.) டென்னிஸ் பந்து 4. குச்சி 3, உயரம் 71 செண்டிமீட்டர், அதாவது 28 அங்குலம். முழு ஆடுகளம் 22 கஜம், 20 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆனால் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 15 மீட்டர் வைத்தாலே தாராளம். 50 சென் காசு ஒன்று. பந்து செம்பனைக்குள் உருண்டு போனால் பிள்ளைகளை எடுக்க அனுப்பாதீர்கள், எலிக்குப் பின்னால் பாம்பு வரும் இடம் அது, நீங்களே ஒரு கம்போடு போய் எடுங்கள். 8 மணிக்குத் தொடங்கி 10:30க்கு முடித்துவிடுங்கள், அதற்குமேல் வெயில் தாங்காது.

முதல் சனிக்கிழமை கதையே சொல்லாதீர்கள். நடுக் குச்சியின் தலையில் 50 சென் காசை வையுங்கள். ஒரு பிள்ளை பேட் பிடிக்கட்டும், மற்ற எல்லாரும் முறை வைத்துப் பந்து போடட்டும். அவுட்டாக்கியவருக்குக் காசு. 20 பந்து தாக்குப்பிடித்தால் பேட் பிடித்தவருக்குக் காசு. அவ்வளவுதான் விதி. ஒரு காசுக்காகப் பிள்ளைகள் எப்படி மாறிப்போகிறார்கள் என்று நீங்களே பார்ப்பீர்கள். சும்மா ஆடும்போது கண்ணை மூடிக்கொண்டு வீசுகிற பையன், காசு வைத்தவுடன் முதல் பந்தை அப்படியே காலுக்குக் கீழே நிறுத்துவான். எங்கள் திடலில் ஒரு சின்னப் பெண், அவளுக்கு 9 வயது, ஒவ்வொரு பந்துக்கும் நடுவே திரும்பி அந்தக் காசு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘காசைப் பார்க்காதே, பந்தைப் பார்’ என்று நான் சொல்லவில்லை, 12ஆவது பந்தில் அவளே நிறுத்திவிட்டாள்.

காசு கைமாறிய பிறகு, எல்லாரும் நிழலில் உட்கார்ந்து மைலோ குடிக்கும்போது சொல்லுங்கள்: பம்பாயில் சிவாஜி பார்க் என்று ஒரு பெரிய திடல், அங்கே ரமாகாந்த் அச்ரேக்கர் என்று ஒரு பயிற்சியாளர். குச்சி மேல் ஒரு ரூபாய்க் காசு வைப்பார். யார் அந்தப் பையனை அவுட்டாக்குகிறார்களோ அவர்களுக்குக் காசு, கடைசிவரை அவுட்டாகாமல் நின்றால் காசு அந்தப் பையனுக்கு. அப்படிச் சேர்த்த 13 காசுகளைச் சச்சின் பெரிய ஆளான பிறகும் பத்திரமாக வைத்திருக்கிறார், தான் பெற்ற பரிசுகளிலேயே பெரிதாக அவற்றை நினைப்பதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இதற்கு முந்தின கதையையும் கட்டாயம் சொல்லுங்கள். 1984, பையனுக்கு 11 வயது. அண்ணன் அஜித் தம்பியை அச்ரேக்கரிடம் கூட்டிக்கொண்டு போனார். பையனால் ஒழுங்காக ஆடவே முடியவில்லை. புது ஆள், புது இடம், எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற கூச்சம். வேண்டாம் என்று அனுப்பிவிடுகிற நிலைமை. அஜித் விடவில்லை, ‘சார், நீங்கள் போய்விட்ட மாதிரி காட்டிக்கொண்டு தூரத்திலிருந்து பாருங்கள்’ என்று கேட்டுக்கொண்டார். அவர் மரத்தடியில் மறைந்து நின்று பார்த்தார், சேர்த்துக்கொண்டார். கூச்சப்படுகிற பிள்ளை உங்கள் கூட்டத்தில் ஒன்றாவது இருக்கும், இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொல்லாதீர்கள், பொதுவாகச் சொல்லுங்கள், அதற்குப் புரிந்துவிடும். அடுத்த வாரம் நீங்களும் கொஞ்ச நேரம் மரத்தடிக்குப் போய் நில்லுங்கள். நான் இன்றைக்கும் இதைச் செய்கிறேன், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பிள்ளை என்னை ஆச்சரியப்படுத்தும்.

குடும்பத்தைப் பற்றி இரண்டு வரி போதும். பிறந்தது 24 ஏப்ரல் 1973. அப்பா ரமேஷ் டெண்டுல்கர் மராத்திக் கவிஞர், பேராசிரியர். அம்மா ரஜனி காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். முதல் பேட்டை வாங்கிக் கொடுத்தவர் அக்கா சவிதா. பயிற்சிக்குப் பக்கமாக இருக்கவேண்டும் என்று பள்ளியை மாற்றி, சிவாஜி பார்க் அருகில் இருந்த உறவினர் வீட்டில் தங்கவைத்தார்கள். பேட் பிடிப்பது வலக்கை, எழுதுவது இடக்கை. இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னால் இடக்கைப் பிள்ளைகள் எல்லாம் கையைத் தூக்குவார்கள், அதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

பள்ளிக்கூட ஆட்டத்தில் வினோத் காம்ப்ளியோடு சேர்ந்து 664 ஓட்டம் எடுத்த கதை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பிப்ரவரி 1988, ஆசாத் மைதானம், ஹாரிஸ் ஷீல்டு அரையிறுதி, சச்சின் 326, காம்ப்ளி 349, இரண்டு பேரும் அவுட்டே ஆகவில்லை. ‘போதும், ஆட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள்’ என்று வெளியிலிருந்து சைகை வந்தும் பார்க்காத மாதிரி ஆடிக்கொண்டே இருந்தார்கள். சிரிப்பார்கள். பிறகு பெரிய பிள்ளை ஒன்று கேட்கும், ‘அந்தக் காம்ப்ளி என்ன ஆனார்?’ என்று. மழுப்பாதீர்கள். அவரும் டெஸ்டில் 1993இல் அடுத்தடுத்து 224, 227 என்று இரட்டைச் சதம் அடித்தவர், ஆனால் மொத்தம் 17 டெஸ்டோடு முடிந்துபோனது. இதில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தீர்ப்பு சொல்லவேண்டாம். ஒரே திடலில், ஒரே ஆசிரியரிடம், ஒரே ஆட்டத்தில் 300க்குமேல் அடித்த இருவரின் வழி இப்படிப் பிரிந்தது என்பதைப் பிள்ளைகள் தாங்களே யோசித்துக்கொள்ளட்டும்.

இப்போது ரப்பர் கதை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான்.

சச்சின் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் கண்ணில் முதலில் படுவது பேட்டில் இருக்கும் அந்த மூன்று எழுத்து: எம்.ஆர்.எஃப். ‘அப்படின்னா என்னக்கா?’ மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. 1946இல் சென்னை திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்ய ஆரம்பித்த தொழில், பின்னாளில் பெரிய டயர் நிறுவனம். நான் இதைச் சொன்ன அன்று, பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி திடல் ஓரத்தில் குந்தியிருந்தார். முப்பது வருடம் பால் வெட்டியவர். ‘கித்தா கம்பெனியா? அந்தத் தம்பி பேட்டுல கித்தா கம்பெனி பேரா?’ என்று எழுந்தே வந்துவிட்டார். அப்புறம் அரைமணி நேரம் கிரிக்கெட் நடக்கவில்லை. விடிகாலையில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு போனது, மங்கில் பால் சொட்டும் சத்தம், மழை வந்துவிட்டால் அன்றைய சம்பளம் போனது, காண்டாவில் இரண்டு பக்கமும் வாளி தூக்கியது என்று பாட்டி சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் பால்மரத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார், இந்தக் கதைக்கு முன்கூட்டியே சொல்லி வரவழைத்துவிடுங்கள்.

அந்த ரப்பர் நிறுவனம் சென்னையில் நடத்திய வேகப்பந்துப் பயிற்சிக் கூடத்துக்கு 1987இல் சச்சின் போனார், வேகப்பந்து வீச்சாளர் ஆகவேண்டும் என்று. அங்கே பயிற்சி கொடுத்தவர் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி. நீ பேட்டிங்கைப் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். அதே வருடம் பம்பாயின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதும் கிடைக்கவில்லை, கவாஸ்கர்தான் கடிதம் எழுதித் தேற்றினார், எனக்கும் அந்த விருது கிடைத்ததில்லை என்று. 14 வயதில் இரண்டு இடத்தில் ‘இல்லை’ என்று கேட்ட பையன், அடுத்த வருடம் டிசம்பரில் பம்பாய்க்காக முதல் தர ஆட்டத்தில் இறங்கி 100 அடித்தான், அவுட்டாகாமல்.

பாகிஸ்தான் பயணத்துக்கு நிறைய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். 15 நவம்பர் 1989, கராச்சி, வயது 16. முதல் ஆட்டத்தில் எடுத்தது வெறும் 15. எதிரே வாசிம் அக்ரம், இம்ரான் கான், அதே நாளில் அறிமுகமான வாக்கர் யூனிஸ். சியால்கோட்டில் வாக்கர் பந்து மூக்கில் பட்டு சட்டையெல்லாம் ரத்தம், ஆனாலும் வெளியே போகாமல் ஆடி 57 எடுத்தார். இந்த இடத்தில் ஒன்று கவனம். ‘ரத்தம் வந்தாலும் ஆடு’ என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக்கூடாது. தலையில் பந்து பட்டால் உடனே உட்காரவேண்டும், அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான் என்று அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். கெட்டிப் பந்து வாங்குகிற நாள் வந்தால் ஹெல்மெட்டும் சேர்த்து வாங்கவேண்டும், இல்லையென்றால் டென்னிஸ் பந்தே போதும்.

அடுத்தது கரடுமுரடு ஆட்டம். இதைக் கதைக்கு முன்னால் செய்யவேண்டும். பேட் பிடிப்பவரின் காலுக்குப் பின்புறம், லெக் ஸ்டம்புக்கு வெளியே ஒரு முழம் தள்ளி, தரையை மண்வெட்டியால் கொத்திவிடுங்கள். எங்கள் செம்மண்ணில் இரண்டு கொத்து போதும். சுழற்றத் தெரிந்த பெரிய பிள்ளையை அந்தக் கொத்திய இடத்திலேயே பந்து விழும்படி போடச் சொல்லுங்கள். பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. 10 நிமிடத்தில் எல்லாரும் அவுட். கோபம் வரும், ‘இது நியாயமில்லைக்கா’ என்பார்கள்.

அப்போது சொல்லுங்கள். 1998, ஆஸ்திரேலியா இந்தியாவுக்கு வருகிறது, சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்ன் வருகிறார். அவர் இப்படித்தான் காலுக்குப் பின்னால் போடப்போகிறார் என்று சச்சினுக்குத் தெரியும். தொடர் ஆரம்பிக்குமுன் சென்னைக்கு வந்து, அதே எம்.ஆர்.எஃப் மைதானத்தில் தரையைக் கிளறச் சொல்லி, முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை அந்த இடத்திலேயே பந்து போடச் சொல்லி, திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். இவ்வளவு செய்தும் சேப்பாக்கத்தில் முதல் இன்னிங்ஸில் 4 ஓட்டத்தில் வார்னிடமே அவுட். இங்கே நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாதீர்கள். ஏதாவது ஒரு பிள்ளை ‘அப்புறம்?’ என்று கேட்கும்வரை காத்திருங்கள். அப்புறம் இரண்டாவது இன்னிங்ஸில் 155, அவுட் இல்லை. வார்ன் காலுக்குப் பின்னால் போட்ட பந்துகளை மிட்விக்கெட் பக்கம் தூக்கித் தூக்கி அடித்தார், இந்தியா 179 ஓட்டத்தில் ஜெயித்தது. கதை முடிந்ததும் பிள்ளைகளை மறுபடி அந்தக் கொத்திய மண்ணுக்கு அனுப்புங்கள். இந்த முறை யாரும் நியாயம் பேசமாட்டார்கள்.

அடுத்த மாதம் ஷார்ஜா. அந்த இரவு எங்கள் வீட்டுக் கதையும்கூட. எங்கள் லயத்தில் தட்டு வைத்த தொலைக்காட்சி கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டில் மட்டும்தான் இருந்தது. 22 ஏப்ரல் 1998, அங்கே சாயங்காலம் என்றால் நமக்கு நடுராத்திரி, 4 மணி நேரம் வித்தியாசம். ஆஸ்திரேலியா 284. இந்தியா ஜெயிக்காவிட்டாலும் ஒரு கணக்கைத் தொட்டால் இறுதி ஆட்டத்துக்குப் போய்விடலாம். நடுவில் மணல்புயல் அடித்து ஆட்டம் நின்றது, தொலைக்காட்சியில் ஒரே பழுப்பு நிறம். காற்று தூக்கிப் போய்விட்டால் பக்கத்தில் நிற்கும் ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் கில்கிறிஸ்டைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்தேன் என்று சச்சின் பிற்பாடு சொன்னார். புயல் ஓய்ந்ததும் 46 ஓவரில் 276 என்று இலக்கு மாறியது, இறுதிக்குப் போக 237 போதும். எங்கள் அப்பா எழுந்து போகவில்லை. 5 மணிக்குப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), வீட்டுக்குப் போய்ப் படு என்று அம்மா இரண்டு முறை ஆள் அனுப்பினார். சச்சின் 143. ஆட்டம் தோல்வி, ஆனால் இறுதிக்கு வந்தாயிற்று. அப்பா நேராகக் கத்தியை எடுத்துக்கொண்டு தீம்பாருக்கு, அதாவது பால்மரக் காட்டுக்குப் போனார். இரண்டு நாள் கழித்து, 24ஆம் தேதி, சச்சினின் 25ஆவது பிறந்தநாளன்று மறுபடி அதே ஆஸ்திரேலியா, 134, கோப்பை. அப்பா அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் இரவு இருக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1999ஐத் தாண்டிப் போய்விடாதீர்கள், கஷ்டமான வருடம் என்பதாலேயே அது வேண்டும். ஜனவரியில் சேப்பாக்கம், பாகிஸ்தான், இலக்கு 271. முதுகு வலியோடு 136 எடுத்து, இன்னும் 17 ஓட்டம் வேண்டும் என்கிறபோது அவுட்டானார், மீதி மூன்று விக்கெட்டும் 4 ஓட்டத்துக்குள் போய், 12 ஓட்டத்தில் தோல்வி. அவர் உள்ளே போய் அழுதார். சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள். இதைச் சொல்லிவிட்டு, அன்றைய ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணியை ஜெயித்த அணிக்குக் கைதட்டச் சொல்லிப் பாருங்கள். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

மே மாதம் இங்கிலாந்தில் உலகக் கோப்பை நடக்கும்போது அப்பா இறந்துபோனார். ஊருக்குத் திரும்பி, காரியம் முடித்து, மறுபடி விமானம் ஏறி, 23ஆம் தேதி பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிராக 140. சதம் வந்ததும் வானத்தைப் பார்த்தார். இதை மெதுவாகச் சொல்லுங்கள். உங்கள் கூட்டத்தில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளை இருக்கலாம். எங்கள் கூட்டத்தில் இருந்தது. கதை முடிந்ததும் அந்தப் பிள்ளையிடம் போய்க் கேள்வி எதுவும் கேட்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தாலே போதும்.

சிட்னிக்கு ஓர் ஆட்டம் இருக்கிறது, இதுதான் பிள்ளைகளுக்கு ஆகக் கடினம். ஆஃப் சைடு, அதாவது பேட் பிடிப்பவரின் கால் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், முழுக்கக் கயிறு கட்டுங்கள், அல்லது சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அந்தப் பக்கம் பந்தை அடித்தால் அவுட். ஆஃப் பக்கம் வரும் பந்தை விட்டுவிடலாம், நேராக அடிக்கலாம், கால் பக்கம் அடிக்கலாம். நன்றாக ஆடுகிற பிள்ளைதான் முதலில் அவுட்டாகும், ஏனென்றால் அதற்குப் பிடித்த அடி அங்கேதான் இருக்கும்.

2003 கடைசியில் ஆஸ்திரேலியாவில் சச்சின் எடுத்தது 0, 1, 37, 0, 44. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தேடிப்போய் அடிப்பது வினையாகிக்கொண்டிருந்தது. கவர் டிரைவ் என்றால் ஆஃப் பக்கம் அடிப்பது, அவர் ஆடி உலகமே பார்த்து ரசித்த அடி. 2004 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் அந்த அடியையே ஆடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு இறங்கினார். 10 மணி நேரத்துக்குமேல், 436 பந்து, அவுட்டாகாமல் 241. தனக்குக் கை வந்த ஒன்றை ஒருவர் ஒன்றரை நாள் தொடாமல் இருந்தார் என்பது எனக்கு அந்த 241ஐவிடப் பெரிது. 200 அடித்ததைச் சொல்லவேண்டும் என்றால் 24 பிப்ரவரி 2010 குவாலியர் இருக்கிறது, ஆண்கள் ஒருநாள் ஆட்டத்தில் முதல் இரட்டைச் சதம், 147 பந்து, அதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். (பெண்களில் பெலிண்டா கிளார்க் 1997லேயே 229 அடித்துவிட்டார், பெண் பிள்ளைகள் முன்னால் இதை விட்டுவிடாதீர்கள்.) சிட்னிக்கு ஒரு முழு சனிக்கிழமை கொடுங்கள்.

‘அவர் இங்கே வந்திருக்கிறாரா?’ என்று கட்டாயம் கேட்பார்கள். வந்திருக்கிறார். 1998 காமன்வெல்த் போட்டிக்குக் கோலாலம்பூர் வந்த இந்திய அணியில் இருந்தார், அந்த அணி பதக்கம் இல்லாமல் திரும்பியது. பிறகு 14 செப்டம்பர் 2006, கின்ராரா ஓவல், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவுட்டாகாமல் 141. தோளில் அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பி வந்த நேரம், ஒருநாள் ஆட்டத்தில் அவருடைய 40ஆவது சதம். நானும் தம்பியும் விடுப்பு எடுத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தோம். தொலைக்காட்சியில் தெரியாத ஒன்று அன்றைக்குத் தெரிந்தது. பந்து வருவதற்கு முன் அவர் தலை அசையவே இல்லை. கை, கால், பேட் எல்லாம் ஏதோ செய்துகொண்டிருக்கும், பந்து வீச்சாளர் கடைசி அடி வைக்கும்போது அந்தத் தலை மட்டும் விளக்கு மாதிரி அப்படியே நிற்கும். பேட்டிங்கில் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அன்றைக்குப் பார்த்ததுதான்: தலையில் ஒரு தொப்பியைத் தளர்வாகப் போட்டு, அது விழாமல் அடிக்கச் சொல்வேன். அன்று மழை வந்து கணக்கு மாறி இந்தியா தோற்றது. தம்பி திரும்பும் வழியெல்லாம் முறுமுறுத்துக்கொண்டே வந்தான், நான் அந்தத் தலையையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதே கின்ராராவில்தான் 2008 மார்ச் மாதம் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைக் கோலி தலைமையில் இந்தியா ஜெயித்தது. இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: கோலி பெரியவரா, சச்சின் பெரியவரா? ஒருநாள் சதத்தில் சச்சினின் 49ஐக் கோலி 15 நவம்பர் 2023இல், சச்சின் பார்த்துக்கொண்டிருக்க, வாங்கடே மைதானத்தில் தாண்டிவிட்டார் என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சண்டை போடட்டும், நல்லதுதான். ‘மலேசியாவில் யாரும் இல்லையா?’ என்றும் கேட்பார்கள். 2023 ஜூலையில் நம் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார், ஏழும் குச்சியைத் தெறிக்கவிட்டவை. ஆண்கள் பன்னாட்டு டி20இல் அதற்குமுன் யாரும் 7 எடுத்ததில்லை. பந்து போடப் பிடித்த பிள்ளைகளுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் நிற்காது.

கடைசிச் சனிக்கிழமைக்கு வாங்கடேயை வைத்துக்கொள்ளுங்கள். 2 ஏப்ரல் 2011 உலகக் கோப்பை இறுதி, அவர் எடுத்தது 18தான், ஆனாலும் ஜெயித்தபின் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். 2012 மார்ச்சில் மிர்பூரில் 100ஆவது சதம், அந்த ஆட்டத்திலும் இந்தியா தோற்றது. 16 நவம்பர் 2013இல் 200ஆவது டெஸ்டோடு விடைபெற்றார், 74 ஓட்டம். மகன் 24 வருடம் ஆடியதை ஒருமுறைகூட நேரில் வந்து பார்த்திராத அம்மா, அந்தக் கடைசி ஆட்டத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். விடைபெறும் பேச்சில் சச்சின் அச்ரேக்கரைப் பற்றிச் சொன்னதைப் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லுங்கள்: 29 வருடத்தில் சார் ஒருமுறைகூட ‘நன்றாக ஆடினாய்’ என்று சொன்னதில்லை, சொன்னால் மெத்தனம் வந்துவிடும் என்று. எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. அச்ரேக்கர் பெரியவர், அவருக்கு அது சரியாக வந்தது. நம் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிவிடுங்கள். வீட்டில் பள்ளியில் எங்கும் அந்த வார்த்தையைக் கேட்காமல் வருகிற பிள்ளை சிலது இருக்கிறது.

இப்போது எண்கள். வெண்பலகையைக் கொண்டுவாருங்கள், மார்க்கரைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். டெஸ்டில் 15,921. ஒருநாளில் 18,426. டி20இல் ஒரே ஓர் ஆட்டம், 10. கூட்டச் சொல்லுங்கள். 34,357 வரும். டெஸ்ட் சதம் 51, ஒருநாள் 49, கூட்டினால் 100. முதல் வருடம் நான் எழுதியபோது யாரும் திரும்பிப் பார்க்காத எண்கள்தான். இந்த முறை 15,921 என்று எழுதிய பையன் சற்று நின்று, ‘இதுக்குள்ளதான் அந்த 4 இருக்கா?’ என்று கேட்டான். ஆமாம் என்றேன். 0 எங்கே இருக்கிறது, 241 எங்கே இருக்கிறது என்று மற்றவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

காசு ஆட்டத்தை மட்டும் நிறுத்தாதீர்கள், ஒவ்வொரு வாரமும் கடைசி 20 நிமிடம் அதற்கு வையுங்கள், 50 சென்னுக்குமேல் போகவேண்டாம். அந்த 9 வயதுப் பெண்ணுக்கு இப்போது 10. ஜெயித்த காசுகளைச் செலவழிக்காமல் ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறாள், போன சனிக்கிழமையோடு 6.